பாதி பானட்

நடுவில் நீல டேப் ஒட்டினார் ராய்ஸ்,
பானட்டின் மூக்கிலிருந்து கண்ணாடி அடிவரை
தையல்காரர் நூல் பிடித்த மாதிரி.
இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் உனக்கு,
ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்.
காபியை ஆற்றாமல் குடித்தபடி
டெல்ஃபினா சொன்னாள்: பார்.

யூமாவில் மே மாதத்திலேயே
கதவுக் கைப்பிடி கையைக் கடிக்கும்.
சீட் பெல்ட்டின் கொக்கி சூடு போடும்.
பதினேழு வயசு ப்யூக் அது,
நாவல்பழ நிறத்தில் பிறந்தது.
வெயில் அதைச் சாம்பலை நோக்கி
இழுத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்பே
தகர டப்பாவைத் திறப்பார்.
தெரு முழுக்க வாழைப்பழ எசன்ஸ் வாசனை.
வட்டம் வட்டமாகத் தேய்த்து
மெழுகு வெளுத்துக் காய்ந்ததும்
பழைய பனியனால் வழித்தெடுப்பார்.
உள்ளே டேஷ்போர்டிலும் அதே கணக்கு:
பால் போன்ற திரவம், ஸ்டியரிங் பக்கம் மட்டும்.
அப்புறம் அரை நாளைக்கு
முன்கண்ணாடியில் அந்தப் பளபளப்புதான் தெரியும்,
ரோடு தெரியாது என்பாள் அவள்.
அது பொய்யும் இல்லை.

நான் எதிர்வீடு. என்னை நடுவராக்கினார்கள்.
பத்தடி தள்ளி நின்றேன்: ஒரே கார்.
ஐந்தடி: ஒரே கார், கொஞ்சம் புழுதி.
"கையை வைத்துப் பார்" என்றார்.
வைத்தேன்.
ஒரு பக்கம் விரல் வழுக்கிப் போனது,
மறு பக்கம் நின்று யோசித்தது.
"கண்ணுக்குத் தெரியாததுக்குப் பதினெட்டு டாலர்.
காரை யார் தடவிப் பார்த்து ஓட்டுகிறார்கள்?"
என்றாள் டெல்ஃபினா.

ஜூலைக் கடைசியில் மழை வந்தது,
இருபது நிமிஷம், வருஷத்துக்கே சேர்த்து.
மூவரும் வெளியே ஓடினோம்.
இடப்பக்கம் தண்ணீர்
ஜவ்வரிசி ஜவ்வரிசியாய் உருண்டு நின்றது.
வலப்பக்கம் படுத்துக்கொண்டது, நனைந்த பாய்.
ராய்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பி விளிம்பு சொட்டச் சொட்ட
சும்மா நின்றார்.
அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

செப்டம்பரில் டேஷ்போர்டு வெடித்தது.
எறும்பு நடந்த தடம் போல மெல்லிய கோடு,
ராய்ஸின் பக்கத்தில்.
பால் குடித்த பக்கத்தில்.
அவள் பக்கம் முழுசாக இருந்தது.
டெல்ஃபினா சிரித்தாள், உட்கார்ந்து சிரித்தாள்,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மூன்று நாள் அவர் சாக்பீஸும் கையுமாக
தரையில் நிழலை வரைந்தார்.
சீமைக்கருவேலம்.
இங்கே அது எந்தச் சீமையிலிருந்தும் வந்ததில்லை,
சொந்த மண்ணின் மரம்.
அதன் மத்தியான நிழல் முழுக்க
அவள் பாதியில்தான் விழுந்திருக்கிறது.
அப்படியென்றால் வெயில் தின்ற பாதி என்னுடையது,
நான் ஜெயித்தேனா, தோற்றேனா,
இல்லை, ஒரு கோடையே வீணா
என்று என்னிடம் கேட்டார்.
பூசி மெழுகிப் பேச எனக்கு வரும்.
அன்றைக்கு வரவில்லை.

கார் வாங்க வந்தவள் மரிசெலா, நர்ஸ்,
இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.
கைப்பையை பானட் மேல் வைத்தாள்,
சரியாக டேப் இருந்த இடத்தில்.
கேட்டது ஒரே கேள்வி:
ஏசி வேலை செய்யுமா?
செய்தது.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
இரண்டு பாதிகளையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

இப்போது அந்த இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை.
டப்பாவில் கால்வாசி மெழுகு மிச்சம்.

இன்று காலை குப்பைத் தொட்டியைத்
தெருவுக்கு இழுத்து வரும்போது பார்த்தேன்.
அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியின் நடுவில்
நீல டேப்.
இதில் எந்தப் பக்கம் யாருடையது, தெரியாது.
பனியன் மட்டும்
டெல்ஃபினாவின் கையில் இருந்தது.